சேருக்குக் கல்வெட்டு எழுதப் போய்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உயிரோடு இருந்த ஒரு மனிதரை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில் நான் சாகடித்திருக்கிறேன். கத்தி, துவக்கு எதுவும் பாவிக்கவில்லை. வலது கைப் பெருவிரல் ஒன்றே போதுமாக இருந்தது.

ஜெர்மனியில், எசன், வுப்பர்டால் பக்கத்தில் எங்கள் சனத்தில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் போன் ஐயருக்குப் போகும், இரண்டாவது எனக்கு வரும். நான் கல்வெட்டு எழுதுகிறவன். (கல்லில் வெட்டுவதல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்.) பகலில் கதவுப் பூட்டுச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மிச்ச நேரத்தில் இந்தத் தொண்டு.

தொண்டு என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் என் கணினியில் இருப்பது ஒரே ஒரு கல்வெட்டுத்தான். அதில் இறந்தவர் எப்போதும் இன்முகத்தோடு விருந்தோம்புவார், இரப்போர்க்கு இல்லையென்னார், இல்லறத்தை நல்லறமாக நடத்துவார். பெயரையும் ஊரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றினால் அடுத்தவருக்கு ஆயத்தம். ஒருமுறை, சீவியம் முழுக்க வேலிச் சண்டை பிடித்த ஒருவரை ‘அயலவர் போற்றிய அன்பாளர்’ ஆக்கிவிட்டேன். அந்த அயலவரே கனடாவிலிருந்து போன் எடுத்து, “தம்பி, இது ஆரைப் பற்றி எழுதினது?” என்று மரியாதையாகக் கேட்டார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

இப்படி இருக்கையில்தான் செல்வராசா சேர் என்னைக் கூப்பிட்டார்.

சேர் எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்டப் பயிற்சியாளர். (யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் என்றால் ‘சேர்’, பெரிய பள்ளிக்கூடம் என்றால் கல்லூரி.) எண்பது தாண்டிவிட்டது. எசனில் மகள் வதனியோடு இருந்தார். வயிற்றில் வந்த வருத்தத்துக்கு இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். நான் போனபோது யன்னலோரக் கதிரையில், காலில் கம்பளி போர்த்தி, ஒரு சிவப்புப் பேனையோடு இருந்தார்.

“தயாளன், எனக்கும் நீதானே கல்வெட்டு எழுதப்போறாய்?”

ஓம் என்றால் செத்துப்போங்கோ என்பது போல இருக்கும், இல்லை என்றால் பொய். “சேர், அதை ஏன் இப்ப கதைப்பான்” என்று இழுத்தேன்.

“இப்ப கதைக்காமல்? செத்தாப்பிறகு பிழை திருத்த ஏலாது. எழுதிக் கொண்டு வா, நான் பார்த்துத் தாறன்.”

அப்படிச் சொல்லிவிட்டுத் தன் சீவியத்தைச் சொன்னார். நான் கொப்பியில் எழுதினேன். கல்லூரியில் அவர் படிப்பித்தது புவியியல். பந்துப் பயிற்சி, பின்னேரத்தில் ஆரும் கேட்காமல் அவராக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்ட வேலை. இருபது வருடம். பாதிப் பேருக்குச் சப்பாத்து இல்லை என்பதால், இருந்தவர்களையும் கழற்றிவிட்டு விளையாடச் சொன்னவர். பிறகு சண்டை, இடம்பெயர்வு, ஜெர்மனி. இங்கே வந்து ஒரு உணவகத்தில் பதினொரு வருடம் கோப்பை கழுவினார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல், பக்கத்து மைதானத்துக் கம்பி வேலியில் பிடித்தபடி அங்கே விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஒருநாள் அந்தக் கழகத்துக்காரர் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

“எனக்கு அப்ப தெரிஞ்ச டொச்சு நாலு சொல்லு. லிங்க்ஸ், ரெஹ்ட்ஸ், சுரூக், ஷ்னெல்லர். இடம், வலம், பின்னுக்கு வா, கெதியா ஓடு. பந்தாட்டத்துக்கு வேறை என்ன வேணும்?”

கழகத்துக்குப் போதுமாக இருந்தது, பரீட்சைக்குப் போதவில்லை. பயிற்சியாளர் லைசன்சுக்கு மூன்று தரம் இருந்து மூன்று தரமும் எழுத்துப் பாடத்தில் தவறினார். ஆகவே கடதாசியில் அவர் மைதானத்தைப் பராமரிக்கும் ஆள், பிளட்ஸ்வார்ட். கடதாசிக்கு வெளியே பயிற்சியாளர். புல்லும் அவரே வெட்டினார், அணியையும் அவரே தெரிவு செய்தார். ஒருமுறை அந்த அணி ஒரு படி மேலே ஏறியபோது பத்திரிகையில் வந்த படத்தில் சேரும் நிற்கிறார், கையில் புல் வாரும் தடியோடு.

எல்லாம் சொல்லி முடித்தபின் “இனி முக்கியமான பந்தி. சொல்லுக்குச் சொல் எழுது” என்றார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கல்லூரி ஒரே ஒரு தடவைதான் இறுதிப் போட்டி வரைக்கும் போனது. அந்த வருடம் எங்களுக்கு இரண்டு கோல்கீப்பர்கள். ஒருவன் சேரின் மகன் ரவி. பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரிய முதல் அவனுக்குத் தெரியும். மற்றவன் நான். (எனக்கு, பந்து போனபிறகு அது எங்கே போனது என்று தெரியும்.) அந்தப் போட்டியைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வந்திருந்தார்கள். தங்கள் அணியில் விளையாட ஆள் எடுத்து, வேலையும் கொடுப்பார்கள். ரவிக்கு அது கிடைப்பது உறுதி என்று ஊர் முழுக்கக் கதை. அந்தக் கதையோடு இன்னொரு கதையும் வந்தது: ‘மாஸ்டர் மகனைத்தானே போடுவார்.’

சேருக்கு அது பொறுக்கவில்லை. ரவியை வெளியே வாங்கிலில் இருத்திவிட்டு என்னை இறக்கினார்.

கடைசி ஐந்து நிமிடம் வரைக்கும் சமநிலை. அப்போது ஒரு பந்து வந்தது. அடித்த பந்து என்று சொல்லமாட்டேன், கைவிட்ட பந்து. உருண்டு வந்தது. வந்த வேகத்துக்கு, வழியில் நின்று யாரிடமாவது சுகம் விசாரித்துவிட்டுக்கூட வந்திருக்கலாம். எப்படிப் பிடிப்பது, பிடித்தபின் கொழும்பு ஆட்கள் பக்கம் எப்படித் திரும்புவது என்றெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. குனிந்தேன். பந்து என் இரண்டு காலுக்கும் நடுவால் போய் வலையில் படுத்துக்கொண்டது.

ரவி அந்த வருடமே வீட்டை விட்டுப் போனான். முதலில் கொழும்பு, பிறகு லண்டன். தாய் இருக்கும்வரை தாயோடு கதைத்தான். தாய் போனபிறகு வதனியோடு மட்டும். தகப்பனோடு இல்லை. முப்பது வருடத்துக்கு மேல்.

சேர் சொன்ன பந்தி இதுதான்: ‘இறுதிப் போட்டியில் என் மகன் ரவீந்திரனையே நான் இறக்கியிருக்க வேண்டும். ஊர் வாய்க்குப் பயந்து அவனை இருத்தி வைத்தேன். நான் செய்த தொழிலில் இதுவே என் பெரிய பிழை. பிழை என்னுடையது. அவனுடையது அல்ல.’

“இதை அச்சடிச்சு ரவிக்கு அனுப்பவேணும். நான் இருக்கேக்கை அனுப்பவேணும்” என்றார். “போனிலை சொல்ல வாய் வராது, அவன் எடுக்கவும் மாட்டான். அச்சிலை இருந்தா வாசிப்பான்.”

நான் வீட்டுக்கு வந்து எழுதினேன். நன்றாக எழுதினேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பந்தி வந்ததும் என் கை நின்றுவிட்டது. ரவியை இறக்காதது பிழை என்றால், இறக்கப்பட்டவன் நான். ஐரோப்பா முழுக்கப் போகப்போகிற புத்தகத்தில் நானே என் தலையில் மண் அள்ளிப்போடுவதா? யோசித்து, ஒரு வசனம் எழுதினேன்: ‘இறுதிப் போட்டியில் நடுவரின் தவறான தீர்ப்பினால் எமது கல்லூரி மயிரிழையில் வெற்றியைத் தவறவிட்டது.’ (பாவம் அந்த நடுவர். என் காலுக்கு நடுவால் பந்து போனதுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) சேர் வாசிக்கிறபோது அதையிதைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று எண்ணினேன்.

பிறகு முன்பக்கம். என்னுடைய ஒரே கல்வெட்டில் முன்பக்கம் எப்போதும் ஒன்றுதான்: நடுவில் படம், இரு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘அமரர்’, கீழே இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு. மறைவுக்கு நேரே வெறுமையாக விட்டால் பக்கம் ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருந்தது. எழுத்து எவ்வளவு இடம் எடுக்கும் என்று பார்க்க அன்றைய தேதியைப் போட்டுப் பார்த்தேன். வடிவாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு, பஸ்ஸில் இருந்தபடி அதை வதனிக்கு அனுப்பினேன், அவள் சேருக்குக் காட்டட்டும் என்று. என் போனில் அவள் பெயர் ‘சேர் வதனி’. அதற்கு மேலே இருந்தது ‘சேர் பிள்ளைகள்’. அது உலகம் முழுக்க இருக்கிற எங்கள் பழைய மாணவர்களின் குழு. அன்று மூக்குக்கண்ணாடி பையில் இருந்தது.

அனுப்பிவிட்டுப் போனைத் தொழிற்சாலை அலுமாரிக்குள் பூட்டினேன். மெஷினில் வேலை செய்பவர்கள் போன் வைத்திருக்கக்கூடாது என்பது சட்டம். எட்டு மணித்தியாலம் நிம்மதியாகப் பூட்டுச் செய்தேன். இடைவேளையில் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டேன்.

இரண்டரை மணிக்கு அலுமாரியைத் திறந்தபோது போன் சுட்டது. முந்நூறுக்கு மேல் செய்தி. ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘எங்கள் சேர், போய்விட்டீர்களா.’ சிட்னியில் ஒருவன் சேர் பற்றிக் கவிதை எழுதி முடித்திருந்தான். என் மனைவி கௌரி மட்டும் முப்பத்தெட்டுத் தரம் எடுத்திருந்தாள்.

“இஞ்சேருங்கோ, சேர் எப்பவாம் மோசம் போனவர்? எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் ஊருக்கெல்லாம் போட்டிருக்கிறியள்.”

“சேர் சாகயில்லையப்பா.”

“அப்ப நான் எசனுக்குக் குடுத்துவிட்ட இடியப்பம்?” என்றாள்.

எங்கள் வழக்கம் அது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, ஆகவே அயலட்டை சமைத்துக்கொண்டு போகும். நான் காரை எடுத்துக்கொண்டு எசனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படி நெடுகச் சப்பாத்துகள். வீட்டுக்குள் நாற்பது பேராவது இருப்பார்கள், பாதிப் பேர் வெள்ளை உடுப்பு. மேசையில் நாலு வீட்டு இடியப்பம், சொதி, சம்பல். சுவரோடு ஒரு மலர் வளையம். நடுவில், அதே கதிரையில், அமரர் செல்வராசா இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து கதவைத் திறந்தது எல்லாம் சேர்தானாம். முதல் வந்த பெண் அவரைக் கண்டதும் படியிலேயே இருந்துவிட்டாளாம். கீழ் வீட்டு ஜெர்மன்கார அம்மா அனுதாப அட்டை கொண்டுவந்தபோது, அதை இரண்டு கையாலும் வாங்கி ‘டாங்கெ’ என்று நன்றி சொல்லியிருக்கிறார். ‘அப்பா இருக்கிறார்’ என்று வதனி குழுவில் போட்டது, இரங்கல்களுக்கு நடுவில் ஆர் கண்ணிலும் படவில்லையாம்.

“வா தயாளன்,” என்றார். “செத்த வீடு நல்லா நடக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் காலடியில் போய் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதுதான் வதனியின் போன் அடித்தது. பார்த்தவள், “ரவி அண்ணா” என்றாள்.

சேர் கையிலிருந்த இடியப்பக் கோப்பையைக் கீழே வைத்தார். போனைச் சத்தமாகப் போடச் சொல்லிச் சைகை காட்டினார். வதனி போட்டாள்.

முதலில் அழுகை மட்டும்தான். ஐம்பது வயது தாண்டிய மனிதன் அடக்கமாட்டாமல் அழுகிற அழுகை. வதனி, “அண்ணா, சொல்லுறதைக் கேளுங்கோ” என்று தொடங்க, சேர் வாயில் விரலை வைத்து அவளை மறித்துவிட்டார்.

“எப்ப எடுக்கிறியள்?” என்றான் ரவி. “நான் வருமட்டும் எடுக்காதேங்கோ. அப்பாவின்ரை முகத்தை நான் பார்க்கவேணும். நான் கதைச்சிருக்கவேணும் வதனி. ஒரு சொல்லாவது கதைச்சிருக்கவேணும்.”

சேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கன்னத்தால் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. இப்படியே நாலு நிமிடமாவது போயிருக்கும். பிறகு அவரால் முடியவில்லை.

“ரவி,” என்றார். “நான் இருக்கிறனடா.”

அழுகை நின்றது.

“என்னை அழ விட்டுக் கேட்டுக்கொண்டோ இருந்தனீங்கள்?” என்றான். குரல் மாறிவிட்டது. “என்னை வரப்பண்ண ஆர் போட்ட திட்டம் இது?”

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“குழுவிலை வந்த அந்தப் புத்தகத்தையும் வாசிச்சனான்,” என்றான். “நடுவராம். எல்லாம் முடிஞ்சு கல்வெட்டிலைகூட என்னை இருத்தி வைச்சதைச் சொல்ல உங்களுக்கு மனம் வரயில்லை.” போன் நின்றது.

சேர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “நான் சொன்ன பந்தியை நீ போடயில்லையே?”

சீவியத்தில் நான் நிறைய அவமானப்பட்டவன். அந்த இறுதிப் போட்டியில் நாலாயிரம் சனம் கூக்காட்டியது. அன்று அந்த வீட்டில் ஆரும் கூக்காட்டவில்லை. “இல்லை சேர்,” என்றேன். “எனக்கு வெக்கமா இருந்தது.”

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது,” என்றார். “அதுக்குத்தானே எழுதச் சொன்னனான்.” பிறகு இடியப்பத்தை மூடிவைக்கச் சொன்னார்.

அந்தக் கிழமையே அவர் சொன்னபடி, ஒரு சொல் மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனையால் ஒரு காற்புள்ளி போட்டுக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். ரவி போன் எடுப்பதை நிறுத்திவிட்டதால் வதனி அதைத் தபாலில் லண்டனுக்கு அனுப்பினாள். பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருகிற நேரம் சேர் கதிரையைக் கதவுப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வாராம். “அவன் வருவான். அவ்வளவு அழுதவன் வராமல் விடமாட்டான்” என்பாராம்.

ஐந்து கிழமை அப்படி இருந்தார். பிறகு ஒருநாள் எழும்ப ஏலாமல் போய்விட்டது.

வேறொரு நம்பரிலிருந்து வதனி ரவியைப் பிடித்தாள். “அண்ணா, அப்பாவுக்குக் கடுமை. உடனை வாங்கோ.” அவன் கேட்டானாம்: “தயாளன் பக்கத்திலை நிக்கிறானோ?” நான் நின்றேன். பக்கத்தில்தான் நின்றேன். அவள் பொய் சொல்லப் பழகாதவள். அவன் வைத்துவிட்டான். இரண்டு நாள் இப்படிப் போனது. சேரின் படத்தை அனுப்பினோம். கடைசியில், வீட்டுக்கு வருகிற ஜெர்மன் டொக்டரிடம் கெஞ்சி, அவரை இங்கிலிசில் கதைக்க வைத்தோம். அப்போதுதான் நம்பினான். அடுத்த நாள் காலைப் பிளேனுக்குப் பதிந்தான்.

பிளேன் டுசல்டோர்பில் இறங்க மூன்று மணித்தியாலம் இருக்கையில் சேர் போய்விட்டார்.

குழுவில் இந்த முறை வதனியே போட்டாள். முதல் வந்த பதில் சிரிக்கிற முகம் ஒன்று. அடுத்தது, ‘சேர் முந்தியும் செத்தவர்தானே.’ மூன்றாவது ஆள், இந்த முறை தான் இடியப்பம் அவிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தார். அவர்களில் பிழை இல்லை. வதனி அதை வாசித்துவிட்டுப் போனை என்னிடம் தந்தாள். நான் ஒவ்வொருவராகப் போன் எடுத்து, சத்தியம் பண்ணி, ஒரு மனிதர் செத்துவிட்டார் என்று நம்பவைத்தேன். பொய்யாகச் சொன்னபோது ஒருவருக்கும் சத்தியம் தேவைப்படவில்லை.

தகனச் சாலையில் எங்களுக்கு ஒதுக்கிய நேரம், டெர்மின், முக்கால் மணித்தியாலம். ரவி தகப்பனின் தலைமாட்டிலேயே நின்றான். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தேன். அடிக்கவில்லை. கடிதத்தை ஐந்து கிழமையாகப் பிரிக்காமல் வைத்திருந்ததாகவும், பிளேனில்தான் வாசித்ததாகவும் சொன்னான். பிறகு கேட்டான்:

“அண்டைக்கு நான் போனிலை அழேக்கை, அப்பா எவ்வளவு நேரம் கேட்டவர்?”

“நாலு நிமிசம் இருக்கும்.”

“நான் கதைச்சிருக்கவேணும் எண்டு சொன்னது?”

“அதையும் கேட்டவர்.”

தலையை ஆட்டினான். என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றான். நான்தான் அழுதேன், வெட்கம் கெட்டவன்.

இப்போது கல்வெட்டு எழுதுவதை விட்டுவிட்டேன். விட்டேன் என்ன, ஆரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாவுச் செய்தி வந்தால் முதல் கேள்வி, “டொக்டர் சொன்னதோ, தயாளன் சொன்னதோ?” என்பதுதான். நான் காய்ச்சலில் படுத்தால் கௌரி என் போனை எடுத்து ஒளித்து வைக்கிறாள், என்னையே நான் அறிவித்துவிடுவேனாம். என் மகள் தன் ஜெர்மன் மாப்பிள்ளைக்குக் குடும்பத்தை அறிமுகப்படுத்தியபோது, என்னைப் பற்றிச் சொன்ன முதல் கதையும் இதுதான். அவன் சிரித்துவிட்டு, மரியாதைக்காக என்னிடமிருந்து ஒரு அடி தள்ளி இருந்தான்.

ரவி ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு எசனுக்கு வருவான். சாப்பாட்டு நேரம் ஆராவது புது ஆள் இருந்தால் அவனேதான் கதையைத் தொடங்குவான். கதவைத் திறந்த சேர், படியில் இருந்த பெண், அனுதாப அட்டை என்று ஒன்றும் விடமாட்டான். பந்து என் காலுக்கு நடுவால் போனதை எழும்பி நின்று நடித்தே காட்டுவான். சனம் வயிறு நோகச் சிரிக்கும், நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கியபிறகு, இலையைப் பார்த்தபடி, அவன் இதை மட்டும் சொல்லுவான்:

“அப்பா ரெண்டு தரம் செத்தவர். முதல் தரம் நான் நேரத்துக்கு அழுதிட்டன். அவர் கேட்டவர்.”